வெளிநாட்டில் மூட்டுக்கு ஸ்டெம் செல் ஊசி: முன்பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்கால் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் (பிற வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட மெக்சிகோ, பனாமா, ஜப்பான், தென்கொரியா என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நாட்டையும் கிளினிக்கையும் முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். மூட்டில் என்ன கெட்டிருக்கிறது, ஊசியில் என்ன இருக்கப் போகிறது என்ற இரண்டு கேள்விகளும் முன்பணம் கட்டிய பிறகுதான் எழுகின்றன. பணத்தையும் உடம்பையும் சேர்த்துக் கெடுக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இப்படி வரிசை மாறிப் போவதால் வருபவைதான்.

எந்த வாதம், எந்தக் கட்டம் என்று தெரியாமல் கிளம்புவது

தேய்மான மூட்டுவாதமும் முடக்குவாதமும் வேறு வேறு நோய்கள். தேய்மானத்தில் காலை விறைப்பு பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும்; நடக்க நடக்க, படி ஏற ஏற வலி கூடும். முடக்குவாதத்தில் விறைப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டும். இரு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கும். ரத்தப் பரிசோதனையில் அழற்சி தெரியும். மூட்டுக்குள் போடும் ஸ்டெம் செல் ஊசி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் முழங்கால் தேய்மானத்தை வைத்து நடந்தவை. அந்த முடிவுகளை முடக்குவாதத்துக்குக் காட்டி விற்கிற கிளினிக்கை அங்கேயே விட்டுவிடலாம்.

இதில் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. "புதுச் செல்கள் வேலை செய்ய மருந்து தடையாக இருக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி, முடக்குவாதத்தை அடக்கி வைக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளை நிறுத்திவிடுவது. முடக்குவாதம் கட்டுப்பாடின்றி எரியும் மாதங்களில் மூட்டு அரிக்கப்படுகிறது. பிறகு மருந்தைத் திரும்பத் தொடங்கினாலும் அரித்தது மீளாது. மருந்தை நிறுத்துவதானால் அதை எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்லி நிறுத்த வேண்டும், வேறு யாரும் அல்ல.

தேய்மானம்தான் என்று உறுதியானால், எந்தக் கட்டம் என்று பார்க்க வேண்டும். கெல்கிரென்–லாரன்ஸ் அளவுகோல் 0 முதல் 4 வரை போகும். 2-ஆம் கட்டத்தில் எலும்பு முனைகளில் முட்கள் தெளிவாகத் தெரியும், 3-இல் மூட்டு இடைவெளி சந்தேகமின்றிக் குறுகியிருக்கும், 4-இல் எலும்பும் எலும்பும் ஏறக்குறைய உரசும். இதற்கு நின்ற நிலையில், காலில் எடை ஊன்றி எடுத்த எக்ஸ்ரே வேண்டும். படுத்தபடி எடுத்த படத்தில் இடைவெளி உள்ளதை விடப் பெரிதாகத் தெரியும். தென்கொரியா 2023-இல் எலும்பு மஜ்ஜைச் செறிவு ஊசிக்கு அனுமதி கொடுத்தது 2, 3-ஆம் கட்டங்களுக்கு. இந்தியாவில் 2022-இல் அனுமதி பெற்ற பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்தின் ஸ்டெம்பியூசெல் மருந்துக்கும் அதே 2, 3 கட்டங்கள்தான். 4-ஆம் கட்ட முழங்காலின் எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு "வாருங்கள், சரிசெய்யலாம்" என்று சொல்லும் இடம், உங்கள் மூட்டைப் பார்த்து அதைச் சொல்லவில்லை.

சிரிஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. "ஸ்டெம் செல்" என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்கள் விற்கப்படுகின்றன.

முதலாவது, எலும்பு மஜ்ஜைச் செறிவு. இடுப்பெலும்பின் பின்புறத்தில் தடித்த ஊசி செருகி மஜ்ஜையை உறிஞ்சி, சுழற்சிக் கருவியில் சுற்றிச் செறிவாக்கி, அன்றே மூட்டில் செலுத்துவார்கள். மஜ்ஜையில் உள்ள உட்கருச் செல்களில் (உட்கரு கொண்ட எல்லா வகைச் செல்களும் சேர்ந்தது) மூட்டுக்கு வேண்டிய வகை ஸ்டெம் செல்கள் 0.001 முதல் 0.01 சதவீதம்தான். அதனால் எடுக்கும் விதம் முக்கியம். ஊசியை இடம் மாற்றி மாற்றிச் சிறு சிறு அளவாக உறிஞ்ச வேண்டும். ஒரே இடத்தில் நிறைய இழுத்தால் சாதாரண ரத்தம் கலந்து நீர்த்துப்போகும். இங்கே ஒரு கணக்கு வித்தை நடக்கிறது. மொத்த உட்கருச் செல்களின் எண்ணிக்கையைச் சொல்லி, அதையே ஸ்டெம் செல் எண்ணிக்கை போலக் காட்டுவார்கள். "உங்கள் சொந்த மஜ்ஜையிலிருந்து, ஒரே நாளில், பல கோடி ஸ்டெம் செல்கள்" என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கு இடிக்கிறது.

பல கோடி வேண்டுமென்றால் ஆய்வகத்தில் வளர்க்க வேண்டும். அதற்கு வாரக் கணக்கில் ஆகும். மஜ்ஜையோ கொழுப்போ எடுக்க ஒரு பயணம், ஊசி போட இன்னொரு பயணம் என்று இரண்டு முறை போக நேரிடும், அல்லது அங்கேயே தங்க நேரிடும். இரண்டாம் பயணத்தின் செலவைக் கணக்கில் சேர்க்காமல் முன்பணம் கட்டிவிட்டுத் திண்டாடுகிறவர்கள் உண்டு.

அடுத்தது தொப்புள்கொடியிலிருந்து எடுத்தவை. இவை இன்னொருவருடைய செல்கள். உறைநிலையில் சிறு குப்பியில் வரும். கொடை கொடுத்த தாய்க்கு எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, சிபிலிஸ் சோதனைகள் செய்த பதிவு இருக்க வேண்டும். தொப்புள்கொடி ரத்தம், பனிக்குட நீர் என்று விற்ற சில பொருள்களை ஆய்வகத்தில் சோதித்தபோது அவற்றில் ஸ்டெம் செல்லே இல்லை என்று தெரியவந்திருக்கிறது. வயிற்றுக் கொழுப்பை நொதியால் கரைத்துப் பிரித்தெடுப்பது வேறொரு வகை. பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தின் தட்டணுச் செறிவு, எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியிடும் நுண்பைகள். இந்த இரண்டிலுமே ஸ்டெம் செல் கிடையாது.

ஆகவே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை இவை: எந்தத் திசுவிலிருந்து எடுத்தது, யாருடையது, எத்தனை முறை வளர்த்துப் பிரித்தது, உறைநீக்கிய பிறகு எத்தனை சதவீதம் உயிரோடு இருக்கிறது, ஒரு மூட்டுக்கு எத்தனை செல்கள், கிருமியின்மை, மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் புகும் நுண்கிருமி), எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனை முடிவு என்ன. உங்களுக்குப் போடப்போகும் குப்பியின் தொகுதி (பேட்ச்) எண்ணுக்கான சான்றிதழ் ஒரு பக்கத் தாள். ஒழுங்காக வேலை செய்யும் ஆய்வகத்தில் அது கைவசம் இருக்கும். "வந்த பிறகு காட்டுகிறோம்" என்ற பதிலை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிரிஞ்சில் கூட என்ன கலக்கிறார்கள் என்பதும் முக்கியம். வலி தெரியாமலிருக்க லிடோகெயின், பியூபிவகெயின் போன்றவற்றை அதே சிரிஞ்சில் சேர்த்தால் செல்கள் சாகும். மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தோலுக்கும் அதன் கீழும் மட்டும் போட்டால் போதும். ஸ்டீராய்டு கலக்கிறார்களா என்றும் கேளுங்கள். கலந்தால் சில வாரங்களுக்கு வலி நன்றாகக் குறையும், அந்தப் பெருமை செல்லுக்குப் போய்விடும். சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரையும் ஏறும். அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசி முனை மூட்டுக்குள் இருப்பதைப் பார்த்துப் போடுவதே சரியான முறை.

"கூடவே ஒரு டிரிப்பும் ஏற்றுகிறோம், உடம்பு முழுக்க நல்லது" என்பார்கள். ரத்தநாளம் வழியாக ஏற்றிய செல்களில் பெரும்பகுதி முதலில் நுரையீரலில் சிக்கிக்கொள்கிறது. நுரையீரலில் ரத்தக்கட்டி ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. முழங்கால் வலிக்கு அந்த டிரிப் வேண்டாம்.

விளம்பரச் சதவீதத்தை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்வது

அமெரிக்கக் கிளினிக்குகளை நோயாளி போல அழைத்து விசாரித்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு முழங்காலுக்குச் சராசரிக் கட்டணம் 5,156 டாலர். அவர்கள் சொல்லிக்கொண்ட வெற்றி விகிதம் சராசரியாக 82 சதவீதம். உண்மையான ஒப்பீட்டு ஆய்வுகளில் வந்தது வேறு. அமெரிக்காவில் சுமார் 475 பேரை வைத்து நடந்து 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு, மஜ்ஜைச் செறிவு, கொழுப்புச் செல், தொப்புள்கொடிச் செல் மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் வலியிலும் சரி, எம்.ஆர்.ஐ. படத்திலும் சரி, எதுவும் ஸ்டீராய்டை விஞ்சவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் 2025 தொகுப்பாய்வு 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. போலி ஊசியை விட, 10 புள்ளி வலி அளவில் ஏறக்குறைய 1.2 புள்ளிதான் கூடுதல் நிவாரணம். அதையும் உறுதி குறைந்த சான்று என்றே குறித்திருக்கிறார்கள். ஸ்டெம்பியூசெல் ஆய்விலும் வலி குறைந்ததே தவிர, குருத்தெலும்பு புதிதாக வளர்ந்துவிட்டது என்று காட்டப்படவில்லை.

அப்படியானால் "எனக்குக் குறைந்தது" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. மூட்டு வலி ஏறி இறங்கும் வலி; மிக மோசமான நாட்களில்தான் ஆள் சிகிச்சை தேடிப் போகிறார், அதன் பின் தானாகவே கொஞ்சம் இறங்கும். வெறும் உப்பு நீரை மூட்டில் செலுத்தினாலும் பலருக்கு வலி குறைவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அதனால்தான் ஒப்பீட்டுக் குழு இல்லாத சாட்சியங்களை, எத்தனை நூறு இருந்தாலும், வைத்து முடிவெடுக்க முடியாது. "முன்–பின்" எக்ஸ்ரேக்களைக் காட்டினால் இரண்டும் நின்ற நிலையில், ஒரே கோணத்தில் எடுத்தவையா என்று பாருங்கள். முட்டியைச் சில பாகை மடக்கினாலே இடைவெளி மாறித் தெரியும்.

பதிவு எண்களும் ஏமாற்றும். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இடம்பெறுவது அங்கீகாரம் அல்ல; நோயாளியிடமே பணம் வாங்கி நடத்தும் ஆய்வுகளும் அதில் இருக்கின்றன. ஜப்பானில் 2014 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஒவ்வொரு கிளினிக்கும் சிகிச்சைத் திட்டத்தை ஒரு குழுவின் பரிசீலனைக்கு வைத்து, சுகாதார அமைச்சகத்திடம் கொடுத்துத் திட்ட எண் பெறுகிறது. அந்த எண் இல்லாத இடத்துக்குப் போகக் கூடாது. ஆனால் எண் இருப்பதால் சிகிச்சை பலன் தரும் என்று அரசு சொல்லிவிட்டதாக அர்த்தம் இல்லை. மெக்சிகோவில் கோஃபெப்ரிஸ் (அந்நாட்டுச் சுகாதார ஒழுங்குமுறை அமைப்பு) உரிமம் கேட்கும்போது, கட்டடத்துக்கான உரிமத்தைக் காட்டி அனுப்பிவிட இடம் கொடுக்காதீர்கள். தென்கொரியாவில் 2012-இல் அனுமதி பெற்ற கார்ட்டிஸ்டெம், அறுவை செய்து குருத்தெலும்புக் குழியில் துளையிட்டு வைக்கும் மருந்து. அதன் முடிவுகளைக் காட்டி வேறொன்றை ஊசியாகப் போடுகிறவர்களிடம் எச்சரிக்கை வேண்டும்.

காய்ச்சலையும் வீக்கத்தையும் "செல் வேலை செய்கிறது" என்று எடுத்துக்கொள்வது

ஊசி போட்ட இரண்டு மூன்று நாட்கள் வலியும் லேசான வீக்கமும் இருக்கலாம். காய்ச்சல், மூட்டு சூடாகிச் சிவப்பது, கால் ஊன்றவே முடியாமல் போவது என்றால் அது சீழ்ப்பிடித்த மூட்டாக இருக்கலாம். சில நாட்களிலேயே குருத்தெலும்பைத் தின்றுவிடும். கிளினிக்குக்குச் செய்தி அனுப்பிப் பதிலுக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

2018-இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தப் பொருளால் 12 பேருக்குக் கிருமித் தொற்று ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். 2024-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், மெக்சிகோவில் ஸ்டெம் செல் சிகிச்சை எடுத்துத் திரும்பிய மூவருக்கு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் தொற்று என்று அறிவித்தது. அவர்களில் இருவர் மூட்டில் ஊசி போட்டவர்கள். இந்தக் கிருமி மெதுவாகத் தலைகாட்டும். பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காது. பல மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும். ஆகவே வாரங்கள் கழித்து வீங்கினாலும் வெளிநாட்டில் ஊசி போட்டதை உள்ளூர் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே மூட்டு நீரை எடுத்து, வழக்கமான கல்ச்சரோடு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். மருந்து முதலில் போய்விட்டால் கிருமி பிடிபடாமல் போகலாம்.

பயணத்தைப் பற்றி யோசிக்காதது

மஜ்ஜையோ கொழுப்போ எடுத்து, இரு முழங்காலிலும் ஊசி போட்டு, மறுநாளே நீண்ட விமானப் பயணம் செய்வது காலில் ரத்தம் உறைய வழி செய்யும். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தவோ ஊசிக்குச் சம்மதிக்கவோ கூடாது. மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்திருந்தால் அந்த அறுவை மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். அறுவைக்கு முந்தைய 3 மாதங்களில் மூட்டுக்குள் போடும் ஊசி, புது மூட்டில் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பைக் கூட்டும் என்பதால் பொதுவாக அதைத் தவிர்ப்பார்கள். பயணக் காப்பீடு பெரும்பாலும் நாமே விரும்பிப் போய்ச் செய்துகொள்ளும் சிகிச்சையின் சிக்கல்களுக்குப் பணம் தராது; பாலிசியின் விலக்குப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

உள்ளூரில் பாதியில் விட்ட சிகிச்சை

பிசியோதெரபி "செய்து பார்த்தேன்" என்பவர்களில் பலர் நாலைந்து நாட்களில் விட்டவர்கள். மூட்டுத் தேய்மானத்துக்காக டென்மார்க்கில் தொடங்கிய கிளாட் உடற்பயிற்சித் திட்டத்தில் மேற்பார்வையோடு 12 அமர்வுகள், வாரம் இரண்டாக 6 வாரங்கள். தொடை முன்தசைக்கும் இடுப்புத் தசைக்கும் வலு ஏறவே அத்தனை காலம் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. உடல் பருமனும் முழங்கால் தேய்மானமும் சேர்ந்தவர்களுக்கு எடை குறைக்கும் மருந்தான செமாக்ளூடைட் கொடுத்து 2024-இல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் வலி 100 புள்ளி அளவில் சுமார் 42 புள்ளி இறங்கியது, போலி மருந்தில் 27.5. இவ்வளவு தெளிவான ஒப்பீட்டு ஆய்வு வெளிநாட்டுக் கிளினிக்குகள் விற்கும் ஊசிகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை.

இவை அனைத்தையும் பார்த்த பிறகும் போவது என்று முடிவானால், கிளம்பும் முன் உங்கள் அளவுகளை எழுதி வையுங்கள்: படி ஏறும்போது 10-க்கு எத்தனை வலி, கைப்பிடியைத் தொடாமல் 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது, நிற்காமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, வாரத்துக்கு எத்தனை வலி மாத்திரை. அதே அளவுகளை 3, 6, 12-ஆம் மாதங்களில் எடுங்கள். "பூஸ்டர்" என்று இரண்டாம் ஊசிக்குப் பணம் கேட்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். அங்கிருந்து புறப்படும் முன் குப்பியின் மேலுள்ள லேபிளைத் தொகுதி எண் தெரியும்படி படம் எடுத்து, எந்த மூட்டில், எந்தத் தேதியில், எத்தனை மில்லி, கூட என்னென்ன மருந்து என்று கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் மூட்டு வீங்கினால் உங்கள் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.