கன்னுக்குட்டி பொறந்ததுல இருந்து பால் மறக்கடிக்கிற வரைக்கும்

நம்ம காரைக்குடி, தேவகோட்டை சுத்துப்பட்டுல இன்னும் சில வீட்டுல மாடு கன்னு போட்டா நஞ்சுக்கொடி விழுற வரைக்கும் கன்னை மடிகிட்டயே விடமாட்டாங்க, கொடி விழுந்து அதை வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டிட்டு வந்தப்புறம்தான் பால். மரத்துல கட்டுறது கட்டுங்க, அதுல ஒண்ணும் இல்ல. ஆனா சீம்பால் அரை மணி நேரத்துல, மிஞ்சிப்போனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள கன்னு வயித்துக்குள்ள போயிரணும். தாய் வயித்துல இருக்கும்போது நோய் எதிர்ப்பு சக்தி கன்னுக்கு வர்றதே இல்ல, எல்லாம் சீம்பால்லதான் வருது, அதை அப்படியே உறிஞ்சுற தன்மை குடலுக்கு நேரம் ஆக ஆக கொறஞ்சு ஒரு நாள்ல போயிரும். 25 கிலோ கன்னுன்னா முதல் நாள் ரெண்டரை லிட்டர், மூணு நாலு தடவையா பிரிச்சுக் குடுங்க. கன்னு ஊட்டுனா கொடியும் சீக்கிரம் விழும். 12 மணி நேரம் தாண்டியும் விழலன்னா மாட்டு டாக்டரைக் கூப்புடுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போட்டாலும் வருவாங்க, கல்லைக் கட்டித் தொங்கவிட்டு இழுக்குற வேலை வேணாம். கருப்பட்டி போட்டு சீம்பால் காய்ச்சுறதெல்லாம் கன்னு குடிச்சு மிஞ்சுனாதான்.

பொறந்த உடனே மூக்கு வாய்ல இருக்குற சளியைத் தொடைச்சிட்டு தாயை நக்க விடுங்க. தொப்புள்கொடியை வயித்துல இருந்து ரெண்டு இஞ்ச் விட்டு சுத்தமான நூலால கட்டி, அதுக்குக் கீழ வெட்டி டிங்சர் அயோடின் வைக்கணும், காயுற வரைக்கும் தெனமும். இதை விட்டா தொப்புள்ல சீழ் வச்சு முட்டி வீங்கிரும்.

அப்புறம் பால் கணக்கு. ஒரு நாளைக்கு, முதல் மாசம் கன்னு எடையில பத்துல ஒரு பங்கு, ரெண்டாம் மாசம் பதினஞ்சுல ஒண்ணு, மூணாம் மாசம் இருபதுல ஒண்ணு. வாளியில பழக்குறதா இருந்தா வெரலைப் பால்ல நனைச்சு வாய்ல வைங்க, சப்ப ஆரம்பிச்சதும் வெரலோடயே மெதுவா வாளிக்குள்ள எறக்குங்க, ரெண்டு நாள்ல தானா குடிக்கும். பால் கறந்த சூட்டுலயே இருக்கணும். மூங்கில் குழாயில தலையைத் தூக்கிப் புடிச்சு ஊத்துறாங்க பாருங்க, அது பொரையேறி நுரையீரலுக்குப் போயிட்டா கன்னு தப்பிக்கிறது கஷ்டம்.

கழிச்சல் வந்தா பாலை மொத்தமா நிறுத்துறதும் தப்பு, அதுக்கு தண்ணியும் உப்பும்தான் மொதல்ல போகுது, ரெண்டு வேளைப் பாலுக்கு நடுவுல ஓஆர்எஸ் தண்ணி குடுங்க. ரத்தமோ சோர்வோ இருந்தா காத்திருக்காதீங்க. குடற்புழு மருந்து பத்து நாள்ல மொதல் தடவை, அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் மாசாமாசம், அளவு எடைக்குத் தக்கபடி டாக்டர் சொல்லுவாரு. மண்ணைத் தின்னா வாய்க்கூடை மட்டும் போட்டு விட்டுராம தாது உப்பும் குடுங்க, செம்மண் தரையில கட்டுனா நக்கிக்கிட்டேதான் இருக்கும்.

ரெண்டாவது வாரத்துல இருந்து தீவனம் காட்டணும். பாதி மக்காச்சோளம், மூணுல ஒரு பங்கு கடலைப் புண்ணாக்கு, மீதி தவிடு (புதுவயல் ஊர் அரிசி மில்லுல வாங்குனாலும் வாடை அடிக்காத புதுத் தவிடா பாருங்க), நூறு கிலோவுக்கு ரெண்டு கிலோ தாது உப்பு, ஒரு கிலோ சாப்பாட்டு உப்பு. மாவா அரைக்காம குருணையா ஒடைங்க. மொதல்ல ஒரு கைப்பிடி போதும், பால் குடிச்ச வாய்ல கொஞ்சம் தடவி விட்டா ருசி புடிச்சிரும். நல்ல தண்ணியும் கொஞ்சம் பச்சைப்புல்லும் எப்பவும் பக்கத்துல இருக்கட்டும், பால்தான் குடிக்குதேன்னு தண்ணி வைக்காம இருக்காதீங்க, சித்திரை வெயில்ல வாடிரும்.

பால் மறக்கடிக்க மாசத்தை மட்டும் பாக்காதீங்க, தீவனத்தைப் பாருங்க. தொடர்ந்து மூணு நாள், நாளைக்கு முக்கால் கிலோவுக்கு மேல தின்னா தயாரா இருக்குன்னு அர்த்தம், பெரும்பாலும் மூணு மாசத்துல வந்துரும். சாயங்காலப் பாலை மொதல்ல கொறைச்சு, ஒரு வாரம் பத்து நாள்ல நிறுத்துங்க. அதே வாரத்துல எடம் மாத்துறது, கொம்பு சுடுறது எதுவும் வேணாம், கொம்பு சுடுறதை மொத ரெண்டு வாரத்துலயே டாக்டரை வச்சு முடிச்சிரணும். நாலு மாசத்துல கோமாரி ஊசி, பொட்டைக்கன்னுன்னா நாலுல இருந்து எட்டு மாசத்துக்குள்ள கருச்சிதைவு நோய் ஊசியும் ஒரு தடவை போடணும், கேம்ப் வரும்போது கன்னையும் ஓட்டிட்டுப் போங்க.