டிசபிலிட்டி கிளெய்ம் ரிஜெக்ட் ஆனா என்ன பண்றது
அமெரிக்காவுல சோஷியல் செக்யூரிட்டி டிசபிலிட்டி, அதாவது உடம்பு முடியாம வேலை பாக்க முடியாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற பணம், கேட்டு ரிஜெக்ட் ஆயிடுச்சா, கோவத்துல மறுபடி புதுசா அப்ளை பண்ணிடாதீங்க, பழைய அப்ளிகேஷன் தேதி கையைவிட்டுப் போயிடும், அப்பீல்தான் போடணும். லெட்டர் கைக்கு வந்த நாள்லேருந்து 60 நாள் டைம், அதுல போட்டிருக்கிற தேதியிலேருந்து 5 நாள்ல வந்துட்டதா அவங்களே கணக்கு வச்சுப்பாங்க. முதல்ல ரீகன்சிடரேஷன், அதாவது கேஸை அவங்க மறுபடி பாக்குறது, அதுவும் போச்சுன்னா ஜட்ஜ் முன்னாடி ஹியரிங்.

ஆனா மெயின் மேட்டர் டாக்டர் லெட்டர்தான். சும்மா "முதுகுவலி"ன்னு எழுதி வாங்குனா வேலைக்கு ஆகாது, 15 நிமிஷத்துக்கு மேல உட்கார முடியல, 10 பவுண்டு தூக்க முடியல, மாசத்துல இத்தனை நாள் படுத்தே கெடக்குறாருன்னு எழுதச் சொல்லுங்க. அப்பறம் ரிஜெக்ட் லெட்டரை நிதானமா படிங்க, ஏதாவது ஆஸ்பத்திரி ரெக்கார்டை அவங்க பாக்கவே இல்லைன்னு தெரிஞ்சா அதை அனுப்புங்க.