குமரி மாவட்டத்திலிருந்து மினிக்காய் தீவுக்கு: முதன்முறை செல்வோருக்கான வழிமுறை

வரைபடத்தில் நாகர்கோவிலுக்கு நேர் மேற்கே, ஏறத்தாழ அதே அட்சரேகையில், அரபிக்கடலில் கிடக்கும் பவளத்தீவுதான் லட்சத்தீவுகளின் தென்கோடியான மினிக்காய். ஆயினும் குளச்சலிலிருந்தோ தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ அதற்குப் பயணிகள் கப்பல் கிடையாது. கொச்சிக்குச் சென்றே கப்பலேற வேண்டும். மினிக்காயில் விமான நிலையமும் இல்லை என்பதால்தான் கூட்டம் குறைவு.

முதல் வேலை நுழைவு அனுமதி. 1967ஆம் ஆண்டின் விதிகளின்படி, தீவைச் சேராத இந்தியரும் அனுமதியின்றி அங்கே கால்வைக்க முடியாது. காவல்துறையின் நன்னடத்தைச் சான்று கேட்கப்படலாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சேவையில் அதற்கு விண்ணப்பித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி வருமுன் ரயில் சீட்டு எடுக்க வேண்டாம்.

மாதத் தேர்வு அடுத்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், கப்பல்களும் குறையும். டிசம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம்.

நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ ரயிலேறி எர்ணாகுளத்தில் இறங்கினால், வில்லிங்டன் தீவிலுள்ள கப்பல்துறை அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து சுமார் 400 கி.மீ. கடற்பயணம் என்பதால் ஓர் இரவாவது கப்பலில் கழியும். ஆழ்கடல் மீன்பிடிக்கும் தூத்தூர்க்காரர்களுக்கு இது பெரிதல்ல, மற்றவர்கள் குமட்டலுக்கான மாத்திரையைக் கப்பலேறுமுன் போட்டுக்கொள்வது நல்லது. கடல் சரியில்லையெனில் கப்பல் தள்ளி நிற்க, ஆடும் படகில் தாவி இறங்க நேரும். ஆகவே சக்கரம் வைத்த பெட்டியைத் தவிர்த்து, தோள்பையோடு செல்லுங்கள்.

ஏறத்தாழ 10 கி.மீ. நீளமுள்ள அத்தீவைச் சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். 1885இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தைவிட, என் கணிப்பில், சூரை மீன் வேலை நடக்கும் கடற்கரையே பார்க்கத்தக்கது. சிறுமீன்களைக் கடலில் வீசிச் சூரைக் கூட்டத்தை மேலே வரவழைத்து, வலையில்லாமல் தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். பின்னர் அதை அவித்து, புகையூட்டி, வெயிலில் கட்டை போலாகும்வரை காயவைத்தால் நாம் துருவிப்போடும் மாசிக் கருவாடு தயார். படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள். மஹல் மொழி பேசும் இஸ்லாமியர்களின் ஊர் அது. மதுவுக்குத் தடை உண்டு, உடையில் அடக்கம் தேவை. கரையில் கிடக்கும் செத்த பவளத்துண்டாயினும் எடுத்து வருவது குற்றம்.

திரும்பும் கப்பல் சீட்டையும் முன்பே பதிவு செய்யுங்கள். காலநிலையால் கப்பல் தாமதமாகலாம் என்பதால், விடுப்பில் இரண்டு நாள் கூடுதலாக வாங்கிக்கொண்டு, எர்ணாகுளத்திலிருந்து ஊர்திரும்பும் ரயிலை அதற்கேற்பத் தள்ளிப் பதிவு செய்யுங்கள்.