உடற்கூறியல் சொற்களைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலாண்டு மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்தும்போதெல்லாம், நான் மாணவனாக இருந்தபோது செய்த பிழைகளே வேறு கையெழுத்தில் என் முன் வந்து நிற்கின்றன. சொல்லின் முன்னால் சேரும் கிரேக்க முன்னொட்டுகளில் ஹைப்போ என்றால் கீழே, ஹைப்பர் என்றால் மேலே அல்லது மிகுதி என்பதை எல்லா ஆசிரியர்களும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவதால், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லா இடத்திலும் 'பெரி'யைக் காண்பது

'பெரி' என்ற கிரேக்க முன்னொட்டுக்குச் 'சுற்றி' என்பது பொருள். இதயத்தைச் சூழ்ந்திருக்கும் பெரிகார்டியமும், எலும்பைப் போர்த்தியிருக்கும் பெரியாஸ்டியமும் அப்படிப் பெயர் பெற்றவை. இதைக் கற்ற மாணவர், முழங்காலுக்குக் கீழே வரும் பெரோனியல் நரம்பையும் அவ்வாறே பிரித்துவிடுகிறார். அந்த நரம்பு உண்மையிலேயே கீழ்க்காலின் மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றி வளைந்து செல்வதால் தவறான பிரிப்பும் சரியான விடைபோலத் தோன்றுகிறது. அதனாலேயே அவர் அதை மறுபடி சரிபார்ப்பதில்லை. உண்மையில் அந்தச் சொல்லின் வேர் 'பெரோனே', அதாவது ஆடையைச் செருகிப் பிடிக்கும் ஊக்கின் ஊசி. இலத்தீனில் 'ஃபிபுலா' என்பதும் ஊக்குதான். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், மெல்லியது ஊசியாகவும் தடித்தது ஊக்கின் உடலாகவும் தெரியும்.

பெயரின் வேர் தவறினால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு, என் பயிற்சி மருத்துவக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காலில் மாவுக்கட்டு போட்டிருந்த ஒருவரால் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை, அது பெரோனியல் நரம்பு அழுந்துவதன் அறிகுறி என்பதைச் சரியாகக் கண்டுகொண்ட நான், மேல்சிகிச்சைக்கான குறிப்பில் 'பெரினியல் நரம்பு' என்று எழுதிவிட்டேன். 'பெரி' என்றே மனத்தில் பதிந்திருந்ததால் கை அப்படி எழுதியது. பெரினியல் நரம்போ பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதிக்குச் செல்வது. குறிப்பைப் படித்தவர்கள் அந்தப் பகுதியைச் சோதித்துவிட்டு, குறை ஏதும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கட்டின் மேல்விளிம்பு நரம்பை அழுத்திக்கொண்டிருக்க, உடனே தளர்த்தியிருக்க வேண்டிய கட்டோடு அந்த மனிதர் ஒரு பகல் முழுவதும் கிடந்தார். இன்றும் ஒரு மாணவர் இந்த இரண்டு சொற்களையும் மாற்றி எழுதினால் எனக்குப் பொறுக்க முடிவதில்லை.

1998-இல் வெளிவந்த பன்னாட்டுப் பெயர்ப்பட்டியலான டெர்மினோலோஜியா அனாட்டமிகா, பெரோனியல் நரம்புக்கு 'ஃபிபுலார்' என்ற பெயரை முன்வைத்தது. இருந்தும் பழைய பெயர் மருத்துவமனைகளில் நீடிப்பதால், இரண்டையும் கற்றே ஆக வேண்டும்.

'டயா'வை 'டை' என்று கொள்வது

டயாஃப்ரம் உடற்பகுதியை மார்பு, வயிறு என இரண்டாகப் பிரிப்பதால், அதன் முன்னொட்டுக்கு 'இரண்டு' என்றே பலர் பொருள் எழுதுகிறார்கள். இங்கும் தற்செயலான பொருத்தமே ஏமாற்றுகிறது. 'டயா' என்பது குறுக்கே அல்லது ஊடே. 'ஃப்ராக்மா' என்பது வேலி. இரண்டைக் குறிக்கும் 'டை', இரு தசைவயிறுகளை உடைய டைகாஸ்ட்ரிக் தசையில் இருக்கிறது.

'மெட்டா'

அப்பால் என்று பொருள், பெரியது என்றன்று.

'பாரா'

அருகே. பரோட்டிட் சுரப்பி காதருகே இருக்கிறது.

'அன்' என்று தொடங்குவதெல்லாம் மறுப்பு என்பது

அனாட்டமி என்ற சொல்லிலேயே மறுப்பு இல்லை. 'அனா' என்ற முன்னொட்டும் 'வெட்டு' என்ற சொல்லும் சேர்ந்தது அது. அங்கோனியஸ் தசையில் முன்னொட்டே கிடையாது, 'அங்கோன்' என்பது முழங்கை. மெய்யான மறுப்பு வேண்டுமானால், 'அ' என்ற மறுப்பு முன்னொட்டோடு தொடங்கும் அசைகஸ் சிரையைப் பாருங்கள்: நுகத்தில் இணை பூட்டப்படாதது என்பதே அதன் பொருள்.