மூணு மாடி செஸ்ல டிராகனை அடக்குறது எப்படி

மூணு போர்டை அடுக்கி சொந்தமா ஒரு ஃபேண்டஸி செஸ் டிசைன் பண்றவங்க எல்லாரும் மாட்டுற இடம் ஒண்ணுதான், அந்த ஒரே ஒரு அசுர காய். முதல் நாள் சூப்பரா இருக்கும், நாலாவது கேம்ல எதிராளி போர்டை மடக்கிட்டு போயிடுவாரு.

உடனே அது எத்தனை கட்டம் போகுதுன்னு எண்ணி குறைக்கத்தான் தோணும், நானும் அதத்தான் பண்ணேன், வேஸ்ட். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேமை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் 1985ல போட்ட டிராகன்செஸ்ஸையே எடுத்துக்குங்க. 12க்கு 8ன்னு மூணு போர்டு, வானம், தரை, பாதாளம். டிராகன் வானத்த விட்டு இறங்கவே இறங்காது, பிஷப்பும் ராஜாவும் சேர்ந்த மாதிரி நகரும், நடுவுல நின்னா 18 கட்டம், சாதா செஸ் ராணிக்கே நடுவுல 27 இருக்கு. வம்பு வேற இடத்துல: நின்ன இடத்துலயே நின்னுகிட்டு நேர் கீழ இருக்கிற தரைக் கட்டத்தையும் அதை ஒட்டின நாலு கட்டத்தையும் வெட்டலாம். வெட்டின கட்டத்துக்கே வராத காயை எப்படி திருப்பி வெட்டுவீங்க, அப்புறம் ஒரு காய்க்கு இன்னொரு காயை சப்போர்ட்டா வெச்சு என்ன பிரயோஜனம்? போதாததுக்கு தரையில ஆரம்பிக்கிற 24 காய்ல 18க்கு மேல ஏற வழியே கிடையாது (புரமோஷன் ஆன சிப்பாய் வேற கதை).

அதனால எட்டுற தூரத்துல கை வைக்காதீங்க, வெட்டுறதுக்கு ஒரு விலை வைங்க. எனக்குப் பிடிச்சது, தூரத்துலேர்ந்து வெட்டினா அடுத்த டர்ன் டிராகன் நகரவும் கூடாது வெட்டவும் கூடாது, அந்த ஒரு டர்ன்ல எதிராளியோட கிரிஃபின் (வானத்து போர்டுல ஆரம்பிக்கிற இன்னொரு காய்) வந்து கொத்திட்டு போகலாம். அப்பவும் அடங்கலைன்னா அஞ்சு கட்டத்தை நேர் கீழ ஒண்ணா ஆக்குங்க. ரெண்டையும் சேர்த்து மாத்திடாதீங்க, எது வேலை செஞ்சதுன்னே தெரியாம போயிடும்.

டெஸ்ட் பண்ண, ஒரு பக்கம் டிராகனை எடுத்துட்டு பதிலுக்கு ஒரு கிரிஃபின் எக்ஸ்ட்ரா குடுங்க, பக்கம் மாத்தி மாத்தி ஆடுங்க. டிராகன் பக்கமே ஜெயிச்சுகிட்டு இருந்தா ரெண்டு கிரிஃபின்.

பாதாளத்துல இருந்துகிட்டு மேல நிக்கிற எதிரி காயை அசைய விடாம உறைய வைக்கிற பாசிலிஸ்க் மாதிரி காய்னா நேர் மேல இருக்கிற ஒரு கட்டத்தோட நிறுத்துங்க, சுத்தி எட்டு கட்டம்னு நீட்டினா யாரும் அசைய முடியாம கேம் தூங்கிடும்.

ஆனா ஓவரா பல்லைப் புடுங்கிடாதீங்க. உங்க கேம்ல ராஜா மேல கீழ உட்பட எல்லா திசையிலயும் ஒரு அடி போகலாம்னா, நடு போர்டுல நடுவுல நிக்கிற ராஜாவுக்கு தப்பிக்க 8 இல்ல, 26 கட்டம். அத்தனையையும் அடைச்சு மேட் பண்ண ஒரு முரட்டு காய் இருந்தே ஆகணும்.