சந்தா மென்பொருள் எடுக்கும் முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள்

பாம்பனில் மீன் கமிஷன் கடையோ மண்டபத்தில் கருவாட்டு வியாபாரமோ, எது வைத்திருந்தாலும் இப்போது யாராவது ஒருவர் வந்து "அண்ணே, கணக்கை கிளவுட்ல போட்டுருங்க, மாசம் 500தான்" என்கிறார். கிளவுட் என்றால் நம் கணக்கு கடைக் கம்ப்யூட்டரில் இல்லாமல், இன்டர்நெட் வழியாக மென்பொருள் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருப்பது. போடலாம். உப்புக்காற்றில் எங்கள் கடை கம்ப்யூட்டர் மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை, போர்டு பச்சை பூத்துவிட்டது, படகுக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கைப் பழைய சிட்டைகளைத் தேடித் தேடித் திரும்ப ஏற்றவே ஒரு மாதம் ஆனது. கிளவுடில் இருந்திருந்தால் வேறொரு போனில் திறந்து அன்று மாலையே வேலையைத் தொடர்ந்திருப்போம்.

ஆனால் அப்புறம் நாங்கள் எடுத்த மென்பொருளில் பட்டது வேறு. சந்தாவை நிறுத்திய வாரமே உள்ளே நுழைய முடியவில்லை. எங்கள் கணக்கை எங்களுக்கே தர, இன்னொரு வருடம் கட்டச் சொன்னார்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும், அதனால் இது சின்ன விஷயம் இல்லை. இலவசமாகப் பார்க்கத் தரும் நாட்களிலேயே பத்து நாள் உண்மையான பில் போட்டு, எல்லாவற்றையும் எக்செலில் இறக்கிப் பாருங்கள். ஆள்வாரியாகப் பாக்கி, தேதி, தொகை தனித்தனியாக வருகிறதா? வெறும் பிடிஎஃப் மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள், அதை வேறு மென்பொருளில் ஏற்றுவது பெரும்பாடு.

நம் கரைக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, பில்லும் இருக்காது, சந்தா மட்டும் ஓடும். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்பார்கள், அந்த இரண்டு மாதம் நமக்கு எப்படியும் வேலை இல்லாத மாதம்தான். மாதச் சந்தாவைத் தடைக்காலத்தில் நிறுத்தி வைக்க முடியுமா, அப்போது பழைய பாக்கியைப் பார்க்கவாவது விடுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விட்டால் மாதச் சந்தாவே போதும்.

விலையை ஐந்து வருடத்துக்குப் பெருக்குங்கள். மாதம் 500 என்றால் வருடம் 6,000, 18% ஜிஎஸ்டி சேர்த்து 7,080, ஐந்து வருடத்தில் 35,400. பச்சை மீனுக்கு வரி கிடையாது, ஆகவே அதை மட்டும் விற்பவருக்கு, இந்த 18%-ஐக் கழித்துக்கொள்ள விற்பனை வரி எதுவும் இல்லை, அது திரும்ப வராது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் மென்பொருளின் விலையை இதோடு வைத்துப் பாருங்கள்.

அதிகாலை ஏலத்தின்போது ஜெட்டியில் சிக்னல் போனால்? போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஐந்து பில் போடுங்கள், நெட் வந்ததும் ஐந்தும் ஏறினால் சரி.

சந்தா தானாகவே வங்கியிலிருந்து போகும்படி ஆட்டோ டெபிட் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே போய்விடும், அந்த அறிவிப்பைத் தள்ளிவிடாமல் படியுங்கள்.

முக்கியமாக, மென்பொருளில் லாகின் கணக்கைத் தொடங்குவது கடை முதலாளியின் நம்பரிலும் இமெயிலிலும் இருக்கட்டும். கணக்கு எழுதும் பையனின் நம்பரில் தொடங்கிவிட்டு, அவன் வெளிநாடு போனபின் பாஸ்வேர்டுக்கு அலைந்த கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.