விண்டோஸ் இருக்கும் கணினியிலேயே லினக்ஸும்: முதல்முறை செய்பவர்களுக்கு

லினக்ஸ் போட்டுப் பார்க்க ஆசை இருக்கிறது, விண்டோஸ் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. பலரும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் இந்த வேலையில் ஃபைல்கள் பறிபோகக்கூடிய இடம் பெரும்பாலும் ஒரே ஒரு திரை, அதாவது ஹார்டு டிஸ்க்கைப் பிரிக்கும் திரை. அங்கே போவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை எல்லாம் விண்டோஸுக்குள் இருந்தே முடித்துவிட்டால், அந்தத் திரையில் தடுமாற வேண்டியதில்லை. அதனால் முன்தயாரிப்புக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்கப்போகிறேன்.

கணினியில் விண்டோஸ் ஏற்கெனவே இருக்கிறது, பக்கத்தில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வரிசையும் இதுதான் நல்லது: முதலில் விண்டோஸ், அப்புறம் லினக்ஸ். மாற்றிச் செய்தால், விண்டோஸ் தன்னை முதலில் வைத்துக்கொள்ளும். லினக்ஸுக்குப் போகும் வழி மறைந்துவிடும்.

1. முதலில் பேக்கப்

போட்டோக்கள், ஆவணங்கள், வேறெங்கும் கிடைக்காத எதுவானாலும் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். எடுத்த பிரதியிலிருந்து இரண்டு மூன்று ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள்.

2. விண்டோஸில் மாற்ற வேண்டிய இரண்டு

முதலாவது, பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் இருப்பதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், நாம் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பூட் வரிசையிலோ (கணினி எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்ற வரிசை) செக்யூர் பூட்டிலோ (நம்பகமானதை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) கை வைத்தால், அடுத்த முறை கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் எதையும் எடுக்க முடியாது. இப்படி மாட்டிக்கொண்ட ஒருவரின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அந்த நீலத் திரை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முதலில் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, பூட்டு முழுவதும் நீங்கும்வரை காத்திருங்கள்.

இரண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 காலத்தில் வந்த வசதி இது. இது இருந்தால், ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாக அணையாது. பாதி உறக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாமல் போவதற்கு இதுவே வழக்கமான காரணம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள்.

3. இடம் ஒதுக்குதல்

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வரும். சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து, ஷ்ரிங்க் வால்யூம். எவ்வளவு குறைக்கலாம் என்று எம்பி கணக்கில் கேட்கும். மின்ட்டுக்குக் குறைந்தது 20 ஜிபி போதும் என்றாலும், அப்டேட்டுகள் சேரச் சேர மூச்சு முட்டும். 50 ஜிபியாவது கொடுங்கள்: 51200 என்று அடியுங்கள். இடம் தாராளமாக இருந்தால் 100 ஜிபி.

சில சமயம் டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கும், விண்டோஸோ 8 ஜிபிதான் குறைக்க முடியும் என்று அடம்பிடிக்கும். நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் புரொடெக்ஷன் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். பெரும்பாலும் வழி விடும்.

குறைத்தபின் கறுப்புப் பட்டையோடு 'அன்அலொகேட்டட்' என்று ஒரு பகுதி தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள், ஃபார்மட் செய்ய வேண்டாம். அதன் அளவை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்த எண்தான் வழிகாட்டி.

4. பென்டிரைவ் தயார் செய்தல்

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, அங்கே கொடுத்திருக்கும் செக்சம்முடன் (ஃபைல் மாறாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் குறியீடு) ஒப்பிடுங்கள். 2016 பிப்ரவரியில் அந்தத் தளத்துக்குள்ளேயே ஊடுருவி, மாசுபட்ட ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். அதனால் இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்க்க வேண்டாம். பிறகு ரூஃபஸ் மென்பொருளில் பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டி, ஜிபிடி, யுஇஎஃப்ஐ என்று வைத்து ஸ்டார்ட் கொடுங்கள்.

5. நிறுவாமலே ஓட்டிப் பார்த்தல்

கணினியைத் திறக்கும்போது பூட் மெனு விசையை அழுத்துங்கள். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் நேராக ஓடத் தொடங்கும். டிஸ்க்கில் இன்னும் எதுவும் மாறவில்லை. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் நகர்கிறதா என்று அரை மணி நேரமாவது பாருங்கள். இங்கே வேலை செய்யாதது நிறுவிய பின்பும் தானாகச் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

6. அந்த ஒரு திரை

நிறுவும்போது மொழி, கீபோர்டு எல்லாம் எளிதாகக் கடந்துவிடும். இன்ஸ்டலேஷன் டைப் என்று வரும்போது நிதானியுங்கள். 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தொடவே கூடாது. அது விண்டோஸையும் சேர்த்து முழு டிஸ்க்கையும் துடைத்துவிடும். 'சம்திங் எல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வரும் பட்டியலில் 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் குறித்து வைத்த அளவோடு பொருந்துகிறதா? இங்கே எம்பியை 1024 கணக்கில் இல்லாமல் 1000 கணக்கில் எண்ணுவதால், 51200 எம்பி என்பது 53687 என்று தெரியும், பதற வேண்டாம். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, கூட்டல் குறியை அழுத்தி, வகை எக்ஸ்ட்4, மவுன்ட் பாயின்ட் / என்று கொடுங்கள். ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) தனிப் பகுதி தேவையில்லை. இஎஃப்ஐ என்று இருக்கும் சிறிய பகுதியில் விண்டோஸின் பூட் ஃபைல்கள் இருக்கின்றன. அதை ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

இன்ஸ்டால் நவ் அழுத்தியதும், எந்தப் பகுதி மாறப்போகிறது என்று ஒரு சிறு பெட்டி காட்டும். அதில் நீங்கள் இப்போது உருவாக்கியது தவிர வேறு ஏதாவது ஃபார்மட் ஆகப்போவதாக இருந்தால், உடனே பின்னால் வந்துவிடுங்கள்.

7. அப்புறம்

ரீஸ்டார்ட் ஆனதும் க்ரப் மெனு, அதாவது எந்த சிஸ்டத்தைத் திறப்பது என்று கேட்கும் பட்டியல் வரும். பத்து விநாடிக்குள் விண்டோஸைத் தேர்ந்தெடுக்காவிட்டால் லினக்ஸ் திறக்கும். மெனு வராமல் நேராக விண்டோஸ் போனால், பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில், பூட் வரிசையைப் பாருங்கள். மின்ட் பெரும்பாலும் 'உபுன்டு' என்ற பெயரிலேயே அங்கே இருக்கும். அதை முதலிடத்துக்கு ஏற்றுங்கள்.

விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் சில மணி நேரம் தள்ளி நிற்கலாம். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிப்பதால் வரும் குழப்பம் இது. லினக்ஸ் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) timedatectl set-local-rtc 1 என்று கொடுத்துவிட்டு, விண்டோஸில் நேரத்தை ஒருமுறை சரிசெய்தால் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டும்.